வெங்காயம் வதங்கும் நிறம்

பெட்டிக்கு மேலே எந்தத் துணியை ஒட்டுவது என்பதில்தான் முதல் சண்டை வந்தது. தையல்காரி பூப்போட்ட திரைச்சீலைத் துணி ஒன்றை எடுத்து வைத்திருந்தாள். மஞ்சள் துணியில் சிவப்புப் பூ, பச்சை இலை. யார் வீட்டு ஜன்னலுக்கோ தைத்ததில் மிஞ்சியது. அதைப் பார்த்ததும் மாஸ்டர் முகத்தைச் சுளித்தார்.

"இதைத் தூக்கிட்டு நான் கேன்டீனுக்குள்ள போகணுமா? சின்னப் பொண்ணுங்க ரிப்பன் போட்டு வைக்கிற பெட்டி மாதிரி இருக்கு."

"அப்படி இருந்தாத்தான் ஒருத்தரும் திறந்து பாக்க மாட்டாங்க. பொம்பளை சாமான்னு விட்டுடுவாங்க."

"பொம்பளை சாமான் உங்களுக்கு எதுக்குண்ணேன்னு அந்த ஒல்லி கேப்பானே?"

"பொண்டாட்டி குடுத்தான்னு சொல்லுங்க. பொண்டாட்டி குடுத்ததை வேணாம்னு சொல்ற தைரியம் உங்களுக்குக் கிடையாதுன்னு கம்பெனிக்கே தெரியும்."

முன்பென்றால் இந்த இடத்தில் மாஸ்டர் ஒரு பதில் சொல்லியிருப்பார். அவளும் விட்டிருக்க மாட்டாள். பிள்ளை குட்டி இல்லாத அந்த வீட்டில் சத்தம் போடுவதற்கு அவர்கள் இரண்டு பேரும் தையல் மிஷினும்தான். ஆனால் அன்றைக்கு அவர் பசைக் கிண்ணத்தைக் கிளறிக்கொண்டிருந்தார். மாவைக் காய்ச்சிய பசை. நல்ல வாடை அடிக்கும். அவருக்கு அடிக்கவில்லை. அதுதான் விஷயமே.

மாஸ்டர் பாட்டில் கம்பெனியின் கேன்டீனில் தலைமைச் சமையல்காரர். உலைக்களத்தில் நின்று கண்ணாடி ஊதுகிறவர்களுக்கும், பாட்டில் அடுக்குகிறவர்களுக்கும், லாரியில் ஏற்றுகிறவர்களுக்கும் மதியச் சாப்பாடு அவர் கையால்தான். குண்டாவுக்குள் எட்டிப் பார்த்துச் சமைக்கிற ஆள் இல்லை அவர். அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டே, "ஒல்லி, வெங்காயத்தை இறக்கு. இன்னும் ரெண்டு கிளறு கிளறினே, கசந்துடும்" என்பார். ஒல்லி என்பது இரண்டாவது சமையல்காரன். நாற்பது வயதாகிவிட்டது, தொப்பையும் விழுந்துவிட்டது, பெயர் மட்டும் ஒல்லியாகவே நின்றுவிட்டது. அவன் இறக்கிப் பார்த்தால் வெங்காயம் சரியான பக்குவத்தில் இருக்கும். "உங்க மூக்கைக் கழட்டி எங்கிட்ட ஒரு நாள் கடன் குடுங்கண்ணே" என்று அவன் கேட்பான். "உன் மூஞ்சிக்குப் பொருந்தாதுடா" என்பார் மாஸ்டர். அந்தத் திமிர் அவருக்கு அழகாகவே இருந்தது.

மழைக்காலம் தொடங்கியபோது ஒரு காய்ச்சல் வந்தது. அந்த வரிசை வீடுகளில் அது எல்லோருக்குமே வந்தது. எல்லோரும் இருமி, கஞ்சி குடித்து, எழுந்து வேலைக்குப் போனார்கள். மாஸ்டரும் எழுந்தார். எழுந்த அன்று தையல்காரி டீ போட்டுக் கொடுத்தாள்.

"எதுக்கு வெந்நீர் குடுக்கிறே? காய்ச்சல்தான் விட்டுடுச்சே" என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்தாள். அடுத்த வாய்க்கும் அவர் முகம் மாறவில்லை. சர்க்கரையைக் கொடுத்தாள், உப்பைக் கொடுத்தாள், எலுமிச்சம்பழத்தை அறுத்துக் கொடுத்தாள். மிளகாயைக் கடித்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது. எரிச்சல் தெரிந்தது, காரம் தெரியவில்லை. "சட்டைப் பட்டனை வாயில போட்ட மாதிரி இருக்கு எல்லாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். மூக்குக்கும் நாக்குக்கும் போகிற நரம்பு அடி வாங்கியிருக்கிறது, திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், காத்திருங்கள் என்றார்.

"பஸ்ஸுக்குக் காத்திருக்கச் சொல்ற மாதிரி சொல்றான்" என்றார் மாஸ்டர் வெளியே வந்து. அவள் குடையை அவர் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். 

கேன்டீனில் அவர் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? கொஞ்ச நாள் தந்திரமாக ஓட்டினார். "உனக்கு நாக்கு இருக்கான்னு பாக்கறேன். சொல்லு, உப்பு எப்படி?" என்று ஒல்லியைச் சோதிக்கிறவர் மாதிரி கேட்டார். அவனும் பரீட்சை எழுதுகிறவன்போலப் பயந்து பயந்து சொன்னான். ஆனால் ஒல்லி ஏதோ வீட்டு விசேஷத்துக்கு லீவு போட்ட நாளில் மாட்டிக்கொண்டார். பருப்பில் உப்பே இல்லாமல் போய்விட்டது. உலைக்காரர்கள் சிரித்துக்கொண்டே, "மாஸ்டர் வீட்ல சண்டை போல" என்று சொல்லி உப்பைத் தூவிச் சாப்பிட்டார்கள். அவர்கள் சிரித்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவர் மறுநாள் வேலைக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. சாப்பாட்டைக் கொண்டுபோய் வைத்தால் வைத்த இடத்திலேயே ஆறிக் கிடந்தது.

"எழுந்திரிங்க. இப்படிப் படுத்துக்கிட்டா போனது வந்துடுமா?"

"எழுந்து என்ன பண்ணச் சொல்றே? உனக்குக் கண்ணு போயிட்டா தைப்பியா?"

"தைக்க மாட்டேன்."

"அப்புறம் என்ன?"

"எனக்குக் கண்ணு போயிட்டாத்தானே? உங்களுக்குக் கண்ணு இருக்குல்ல?"

சண்டைக்காகச் சொன்ன வார்த்தைதான். சொல்லிவிட்டு மிஷினுக்குப் போய் உட்கார்ந்தவள், ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்கு நூல் பொருத்திப் பார்க்கும்போது அப்படியே நிறுத்திவிட்டாள். துணியைக் கையில் வைத்துக்கொண்டு நூல்கண்டுகளை ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்துப் பார்க்கிற வேலை. இது வெளுப்பு, இது கறுப்பு, இது சரி. எந்தத் தையல்காரியும் நாளெல்லாம் செய்வது. அவள் எழுந்து வந்து வாசற்படியில் நின்றாள்.

"வெங்காயம் வதங்கினா என்ன கலர்ல இருக்கும்?"

"என்னடி கேள்வி இது?"

"சொல்லுங்க. என்ன கலர்?"

அவர் யோசித்தார். எத்தனையோ வருஷமாக மூட்டை மூட்டையாக வெங்காயம் வதக்கிய மனுஷன், அது என்ன நிறம் என்று சொல்லத் தெரியாமல் விழித்தார். "வாசனைதான் தெரியும். கலரை யாரு பாத்தா?" என்றார்.

அப்படித்தான் பெட்டி வேலை தொடங்கியது. பாட்டில் அடுக்கி வருகிற கெட்டி அட்டைப்பெட்டி ஒன்று வீட்டில் பழைய துணி போட்டுக் கிடந்தது. உள்ளே பாட்டில்கள் ஒன்றோடொன்று இடிக்காமலிருக்கக் குறுக்கும் நெடுக்குமாகத் தடுப்பு உண்டு. அதன் உயரத்தைக் கத்தரியால் குறைத்து, நெடுக்குத் தடுப்புகளை எடுத்துவிட்டுக் குறுக்குத் தடுப்புகளை வைத்துக்கொண்டாள். பருப்புக்கு ஓர் அறை, காய்க்கு ஓர் அறை, கறிக்கு ஓர் அறை, முட்டைக்கு ஓர் அறை. சட்டை காலருக்குள் வைக்கிற விறைப்பான அட்டை அவளிடம் நிறைய இருந்தது. அதை உள்ளங்கை அளவுக்கு வெட்டிச் சமையல் அட்டைகள் ஆக்கினாள். ஒவ்வோர் அட்டையின் ஓரத்தையும் மிஷினில் ஓட்டிக் கலர் நூலால் தைத்தாள். காய்க்குப் பச்சை, கறிக்குச் சிவப்பு, பருப்புக்கு மஞ்சள், முட்டைக்கு வெள்ளை.

அடையாளத்துக்கு ஒரு மூலையில் கையால் பூத்தையலில் படம் போட்டாள். அதுதான் கொஞ்சம் சிரிப்பை மீட்டுக்கொண்டு வந்தது.

"இது என்ன, செருப்பா?"

"உருளைக்கிழங்கு."

"பாட்டம் தேஞ்ச செருப்பு மாதிரி இருக்கு."

"உங்களுக்குத் தெரிஞ்சா போதும். கண்காட்சிக்கா அனுப்பப் போறோம்?"

ஆனால் அட்டையின் உயிர் படத்தில் இல்லை, துணியில் இருந்தது. வீட்டுச் சின்ன அடுப்பை வாசல் பக்கம் நகர்த்தி, வெளிச்சம் விழுகிற இடத்தில் வைத்தார்கள். அவர் கிளறுவார். அவள் பக்கத்தில் குந்திக்கொண்டு மூக்கை நீட்டுவாள். பக்குவ வாசனை வந்ததும் "இப்ப!" என்பாள். அவர் சட்டியை இறக்கி ஆட்டாமல் பிடித்துக்கொள்ள, அவள் வெட்டுத்துணி மூட்டையைப் பிரித்துப்போட்டு ஒவ்வொரு துண்டாகச் சட்டிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பாள். வெங்காயத்துக்குக் கோதுமை நிறத்தில் ஒரு தலையணை உறைத் துணி பொருந்தியது. மிளகாய்த்தூள் பச்சை வாடை போகிற கட்டத்துக்குச் செங்கல் நிறத்தில் ஒரு பாவாடைத் துணி. கறி வெந்து மசாலா சுண்டுவதற்கு மட்டும் துணி கிடைக்காமல் மூட்டையையே கவிழ்த்துத் தேடினார்கள். கடைசியில் ஒரு பழைய கோட்டின் உள்துணியில் கிடைத்தது. துண்டைச் சதுரமாக வெட்டி அட்டையில் ஒட்டி, அதன் கீழே அவள் எழுதினாள்: 'வெங்காயம். இந்த நிறம் வரும்வரை. தாண்டக் கூடாது.'

உப்பில் அவ்வளவு கஷ்டம் இல்லை. "பெரிய குண்டாவுக்கு எப்படிப் போடுவீங்களோ அப்படித் தட்டுல போடுங்க" என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு போட்டார். கைக்கு எதுவும் மறக்கவில்லை. அவள் அதைக் கரண்டியால் அளந்து எழுதிக்கொண்டாள்.

பெட்டி முடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. திரைச்சீலைத் துணிதான் ஜெயித்தது. மூடிக்கு நாடா வைத்து ஓரம் அடித்து, ஒரு பெரிய கோட்டுப் பட்டனும் எலாஸ்டிக் வளையமும் வைத்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. துக்கத்துக்குச் செய்த பெட்டி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அதைத் துணிப்பையில் மறைத்து எடுத்துப்போன முதல் நாள், தையல்காரிக்கு வேலை ஓடவில்லை. சட்டையின் ஒரு கைக்குத் தைக்க வேண்டியதை மறு கைக்குத் தைத்து, உட்கார்ந்து பிரித்தாள். சாயங்காலம் அவர் டப்பாவோடு வந்தார். மிஷின் மேலேயே வைத்துத் திறந்தார். கிழங்குக் குழம்பு.

"சாப்பிட்டுச் சொல்லு."

அவள் விரலால் தொட்டு வைத்தாள். பிறகு கரண்டியால் எடுத்தாள். பிறகு டப்பாவையே கையில் எடுத்துக்கொண்டாள். பழைய கை, பழைய ருசி, ஓர் இம்மி குறையவில்லை.

"என்னடி, சொல்லேன். உசுரை வாங்காதே."

"பேச விடாதீங்க. சாப்பிடறேன்ல."

மாஸ்டர் சிரித்தார். சட்டென்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்க அழுதார். அழுது முடித்து அவளுடைய டப்பாவிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து வாயில் போட்டு, ருசி தெரிகிறவர்போலவே மென்றார். அன்றைக்கு அவர் தூங்கின தூக்கத்தைப் பார்த்துக்கொண்டு அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

கேன்டீனில் பெட்டியை ஒளித்து வைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. சாமான் அறைக்கு எல்லோரும் வருவார்கள். காய் நறுக்குகிற மேடையில் வைத்தால் ஒல்லி திறந்துவிடுவான். பெரிய அடுப்புக்கு நேர் மேலே, கைக்கு எட்டாத உயரத்தில் ஓர் இரும்புப் பலகை இருந்தது. காலி எண்ணெய் டின்களைப் போட்டு வைக்கிற பலகை. மாஸ்டர் நெட்டையான ஆள். அவர் கைக்கு மட்டும் எட்டும். டின்களுக்குப் பின்னால் பெட்டியை வைத்தார். காலையில் அன்றைய அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அடுப்புக்குத் திரும்பி நின்று, பையிலிருந்து பாதி இழுத்துப் பார்ப்பார், குண்டாவைப் பார்ப்பார், மறுபடி அட்டையைப் பார்ப்பார். எண்ணெய்க் கட்டைவிரல் எப்போதும் அந்தத் துணிச் சதுரத்தின் மேலேதான் இருக்கும்.

மழை விடவில்லை. சாரல் அடிக்கிறது என்று கேன்டீன் ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருந்தார்கள். தாளிக்கிற புகை மேலே போய், போக இடமில்லாமல் அந்த இரும்புப் பலகையைச் சுற்றிக்கொண்டு நின்றது. பூப்போட்ட பெட்டி புகையைக் குடித்தது. உள்ளே இருந்த அட்டைகளும் குடித்தன. கோதுமை நிறம் கொஞ்சம் கொஞ்சமாக டீ நிறம் ஆயிற்று. ஒரேயடியாக மாறியிருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். ஒவ்வொரு நாளும் நேற்றைவிட ஒரு பொட்டு கூடுதல், அவ்வளவுதான். மாஸ்டரும் அதற்குச் சரியாக, ஒரு பொட்டு கூடுதலாக வதக்கினார். துணி சொன்னபடி செய்தார்.

தையல்காரிக்குத்தான் முதலில் தெரிந்தது. சாப்பிடும்போது நாக்கின் அடியில் ஒரு சின்னக் கசப்பு. இன்றைக்கு அடுப்பு கொஞ்சம் கூடிவிட்டிருக்கும் என்று நினைத்தாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க."

அந்த முதல் பொய்யை அவள் பொய் என்றே எண்ணவில்லை. யார் வீட்டில்தான் சொல்வதில்லை? ஆனால் அடுத்த வாரமும் கசந்தது, அதற்கடுத்த வாரம் இன்னும் கசந்தது. அவர் தினமும் டப்பாவைத் திறந்து வைத்து, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் வாயையே பார்ப்பார். குரல் பழையபடி ஆகியிருந்தது. பின்வாசல் டீயும், ஒல்லியை விரட்டுவதும் திரும்பியிருந்தன. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு கசக்கிறது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னால் மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார் என்று பயந்தாள். அவர் வேலை போய்விடுமோ என்ற பயம்கூட அதற்குப் பிறகுதான்.

ஒரு நாள் துவைக்கப் போட்ட சட்டைப் பையில் வெங்காய அட்டை இருந்தது. எடுத்தவள் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மூட்டையில் தேடி அந்தத் தலையணை உறைத் துணியின் மிச்சத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். ஒன்று கோதுமை. இன்னொன்று தீய்ந்த ரஸ்க். ஒரே துணிதான் என்று அவளே சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். சமையலறைத் திரைச்சீலைகள் எண்ணெய்ப் புகை ஏறி எந்த நிறத்தில் தன்னிடம் பழுதுக்கு வருகின்றன என்று எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்! நூல் நிறம் பார்த்தே பிழைக்கிறவளுக்கு இது தோன்றாமல் போயிற்றே!

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் அன்றைக்குச் சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். அதனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். வழி என்று அவள்தான் சொல்லிக்கொண்டாள். புதிதாக இன்னொரு செட் அட்டை செய்துவிடுவது, துணிக்கு மேல் பிளாஸ்டிக் தாள் வைத்துத் தைத்துவிடுவது, பழசு அழுக்காகிவிட்டது என்று சாதாரணமாகச் சொல்லி மாற்றிக் கொடுத்துவிடுவது. கசப்பு தானாகப் போய்விடும், யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பண்டிகைச் சமயம் வேறு. தைக்க வந்த துணி மலையாகக் குவிந்து கிடந்தது. கிடைத்த நேரத்தில் ஒன்று இரண்டாக அட்டைகளைச் செய்துகொண்டு வந்தாள். அழுக்கு அட்டையைத் துவைத்த சட்டையின் பையிலேயே திரும்ப வைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு சாயங்காலம் மாஸ்டர் கடுப்போடு வந்தார்.

"ஒல்லி பய பேச ஆரம்பிச்சுட்டான்."

"என்ன பேசினாரு?"

"அண்ணே, வெங்காயம் கொஞ்சம் தூக்கலா இருக்கே, ஆளுங்க முனகறாங்கன்னான். நேத்து வரைக்கும் எங்கிட்ட கரண்டி பிடிக்கக் கத்துக்கிட்டவன். போடா உன் வேலையைப் பாத்துக்கிட்டுன்னு விட்டேன் ஒரு டோஸ்."

"ஏன் திட்டினீங்க? பாவம்."

"என்ன பாவம்? என் இடத்து மேல கண்ணு அவனுக்கு." ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். "இருந்தாலும் கேக்கறேன். நீ சொல்லு. தூக்கலாவா இருக்கு?"

டப்பா அவள் மடியில் இருந்தது. வாயில் கசப்பு இருந்தது. இன்னும் நாலு அட்டைதான் பாக்கி என்று நினைத்தாள்.

"இல்லீங்க. எப்பவும் போலத்தான் இருக்கு."

"அதானே" என்றார் மாஸ்டர். அவர் முகம் தெளிந்துவிட்டது. "உன்னைக் கேட்டுட்டா எனக்கு ஊரைக் கேக்க வேண்டியதில்லை."

அவள் மிஷினை மிதித்தாள். ஊசி ஓடின சத்தத்தில் அவர் அடுத்துச் சொன்னது காதில் விழவில்லை.

மறுநாள் கறி போடுகிற நாள். உலைக்களத்து ஆட்கள் வாரம் முழுக்கப் பொறுத்துக்கொண்டு வந்தவர்கள், கறியிலும் தீய்ந்த வாடை அடித்ததும் பொறுக்கவில்லை. சத்தம் போடவில்லை, சண்டை போடவில்லை. ஒரு வாய் வைத்துவிட்டு எழுந்து, தட்டுகளைக் கொண்டுவந்து பரிமாறுகிற மேடையில் வரிசையாக வைத்துவிட்டுப் போனார்கள். சோறு, கறி எல்லாம் அப்படியே. மேடையில் இடம் நிறைந்து, கீழே தரையிலும் வைத்தார்கள். கேன்டீன் ஆபீசர் வந்து நின்று பார்த்தார். கெட்ட மனுஷன் இல்லை. ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தவர், மெல்லாமல் குனிந்து குப்பைத்தொட்டியில் துப்பினார்.

"மாஸ்டர், என்ன ஆச்சு உங்களுக்கு?"

"என்ன சார் ஆச்சு? எப்பவும் செய்ற மாதிரிதான் செஞ்சிருக்கேன்."

"கரிஞ்சிருக்கு. சுத்தமாக் கரிஞ்சிருக்கு."

"இல்ல சார். யாரோ ஆளுங்களைக் கிளப்பி விட்டிருக்காங்க." மாஸ்டர் ஒல்லியைப் பார்த்தார். ஒல்லி தலை குனிந்துகொண்டான்.

"நீங்களே ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க" என்றார் ஆபீசர்.

மாஸ்டர் ஒரு தட்டை எடுத்தார். கறித்துண்டாகப் பார்த்து எடுத்து, நிதானமாக மென்றார். விழுங்கினார். இன்னொரு துண்டு எடுத்தார். வீட்டில் நேற்றுச் சாயங்காலம் கேட்ட பதில் அவருக்குத் தைரியம் கொடுத்தது. "நல்லாத்தானே சார் இருக்கு? பக்குவமா இருக்கே" என்றார்.

 கை கழுவிக்கொண்டிருந்த உலைக்காரர் ஒருவர் குழாயை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மாஸ்டர் மூன்றாவது துண்டை வாயில் வைக்கப் போனபோது ஒல்லி வந்து தட்டைப் பிடித்துக்கொண்டான்.

"போதும்ணே. விடுங்கண்ணே." அவன் குரல் உடைந்திருந்தது. "எத்தனை நாளாண்ணே இப்படி? எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

ஆபீசர் அவரை ஓரமாகக் கூட்டிக்கொண்டுபோய்ப் பேசினார். வேலையை விட்டு எடுக்கவில்லை. காய் நறுக்குகிற பக்கம் இருங்கள், கரண்டியை ஒல்லி பார்த்துக்கொள்ளட்டும், உடம்பு சரியானதும் பார்க்கலாம் என்றார். மாஸ்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் காதில் ஒன்றும் ஏறவில்லை. அத்தனை பேர் முகத்தையும் மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒல்லி பொய் சொல்லலாம். ஆபீசர்கூடச் சொல்லலாம். ஆனால் உலைக்களத்தில் வெந்துவிட்டு வருகிற மனுஷர்கள் பசியோடு இருக்கும்போது தட்டை வைத்துவிட்டுப் போவார்களா? அப்படியென்றால் வீட்டில் இருக்கிறவள் சொன்னது என்ன? அவளுக்கும் நாக்குப் போய்விட்டதா? அந்தக் காய்ச்சல் அவளுக்கும்தானே வந்தது? அப்படி இருக்கட்டும் என்று அவர் ஆசைப்பட்டார். மழையில் நனைந்துகொண்டு வீட்டுக்கு நடக்கும்போது, பெண்டாட்டிக்கும் தன்னைப் போலவே நாக்குச் செத்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார், பாவி மனுஷன்.

"என்ன, இவ்வளவு சீக்கிரம்?" என்றாள் தையல்காரி, மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே.

"வேலை கம்மி."

"டப்பா எங்க?"

"இன்னிக்குக் கொண்டு வரலை. நீ தை. நான் சமைக்கிறேன்."

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. காய்ச்சலுக்குப் பிறகு வீட்டு அடுப்பில் அவர் தானாகக் கை வைப்பது இதுதான் முதல் தடவை. கடைசி அட்டையின் ஓரத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். இன்றைக்குக் கொடுத்துவிட வேண்டும், நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். சமையலறையில் கத்தி ஓடுகிற சத்தம் கேட்டது. எவ்வளவு வேகம், எவ்வளவு ஒழுங்கு! கேட்டுக்கொண்டே தைத்தாள்.

உள்ளே மாஸ்டர் கிழங்கை வேகவைத்து, வெங்காயத்தை வெறும் பேருக்கு வதக்கி இறக்கிவிட்டார். அவசரமாக இறக்கியதால் கரிந்திருக்க வழியில்லை. பிறகு உப்பு டப்பாவைத் திறந்தார். ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டார். மிஷின் சத்தம் வந்த பக்கம் திரும்பி ஒரு தடவை பார்த்தார். இன்னொரு கைப்பிடி அள்ளிப் போட்டுக் கிளறினார்.

தட்டில் சோறு போட்டுக் குழம்பை ஊற்றி அவளிடம் கொண்டுவந்து கொடுத்தார். வழக்கம்போல ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"நீங்க சாப்பிடலையா?"

"எனக்கு எப்பச் சாப்பிட்டா என்ன? நீ சாப்பிடு."

அவள் பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்தாள். தொண்டை வரைக்கும் பிடித்து எரித்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. அதை மறைக்கக் குனிந்து, தட்டில் சோற்றை ஒதுக்குகிறவள் மாதிரி ஒதுக்கினாள். கை தவறிவிட்டிருக்கிறது என்று நினைத்தாள். முதல் தடவையாகத் தானாக அடுப்புப் பக்கம் போனவர். இதைப்போய்ச் சொல்வதா? மெல்லாமல் விழுங்கினாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க."

"உப்பு?"

"சரியா இருக்கு."

"இன்னொரு வாய் சாப்பிடு."

சாப்பிட்டாள். மாஸ்டர் அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்ததையும் பார்த்தார். நாக்குச் செத்தவளுக்கு உப்புக்காகக் கண் கலங்காது. மூன்றாவது கவளத்தை அவள் எடுத்தபோது கையைப் பிடித்து நிறுத்தினார். தட்டை வாங்கித் தரையில் வைத்தார்.

"ரெண்டு கைப்பிடி உப்பு போட்டிருக்கேன். வேணும்னுதான் போட்டேன்."

அவள் கையில் பிடித்த கவளத்தோடு அவரையே பார்த்தாள். அவரே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை நின்றார்.

"அத்தனை பேருக்கு முன்னாடி தின்னுட்டு நல்லா இருக்குன்னு சொன்னேன் இன்னிக்கு" என்றார். "நீ சொன்னியேன்னு சொன்னேன்."

"நீங்க மறுபடி படுத்துடுவீங்களோன்னு பயமா இருந்துச்சுங்க. வேற ஒண்ணும் இல்லீங்க. சத்தியமா வேற ஒண்ணும் இல்லை." அவள் அழுதாள். அழுதுகொண்டே மிஷின் மேலிருந்த அட்டைகளை வாரி எடுத்து அவர் கையில் வைத்தாள். "துணிதாங்க கறுத்துப்போச்சு. உங்க மேல தப்பே இல்லை. பாருங்க, எல்லாம் புதுசு. புகை ஏறாம மேல பிளாஸ்டிக் வச்சுத் தச்சிருக்கேன். நாளைக்கே ஆபீசர்கிட்ட சொல்லுவோம், நானும் கூட வரேன்."

மாஸ்டர் அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஓரம் சுத்தமாக ஓடியிருந்தது. பருப்பு, கறி, முட்டை. வெங்காயத்தில் நின்றார். வாசல் பக்கம் நகர்ந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணுக்கு அருகில் கொண்டுவந்தார், தள்ளிப் பிடித்தார்.

"இதுதான் சரியான கலரா?"

"ஆமாங்க. இதேதான்."

"யாரு சொன்னா?"

"நான்தான்..." என்று ஆரம்பித்தவள் அதோடு நிறுத்திக்கொண்டாள்.